எவ்வளவு உழைப்பு, எவ்வளவு ஓய்வு: உடற்பயிற்சி மனதைத் தொடும் விதம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் மாரடைப்பு மரணங்கள் ஏறிக்கொண்டே போயின. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெரெமி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் விடை தேடிப் போனது லண்டனின் மாடிப் பேருந்துகளுக்கு. ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒரே நிர்வாகம். ஆனால் டிரைவர் தன் ஷிஃப்டில் கிட்டத்தட்ட 90 சதவீத நேரம் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கியபடி இருக்கிறார். கணக்குப் பார்த்தால், ஒரு கண்டக்டர் ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது. வந்தவர்களில் உயிர் பிழைத்தவர்களும் அதிகம்.

'உடம்பு கனத்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போயிருப்பார்கள், அதனால் இருக்கும்' என்று ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. அதற்கும் மோரிஸ் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. நிறுவனம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த அளவுப் பதிவேடு இருந்ததல்லவா, அதை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியானவர், நடுத்தரமானவர், தொப்பை போட்டவர் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டர் பக்கமே நிலைமை தேவலை என்று தெரிந்தது. ஆக, எடையை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியவில்லை.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அந்தக் கண்டக்டர்களில் யாரும் 'உடற்பயிற்சி' செய்யவில்லை. வியர்த்துக் கொட்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எடை தூக்கவில்லை. மிதமான வேலை, நாள் முழுக்கப் பரவி, தினமும் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறத்தாழ இதே தொனியில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

இது உடம்பின் கதை. மனதின் கதை கொஞ்சம் சிக்கலானது.

'ஓடினால் எண்டார்ஃபின் சுரக்கும், அதனால் மனசு லேசாகும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எண்டார்ஃபின் என்பது உடம்பே சுரக்கும் வலி தணிப்பான். ஓட்டத்துக்குப் பிறகு ரத்தத்தில் அது கூடுவது உண்மைதான். ஆனால் அந்த மூலக்கூறு பெரியது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் தடுப்பை அவ்வளவு எளிதாகத் தாண்டாது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வரும் அந்த மிதக்கும் உணர்வுக்கு, உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற கொழுப்பு வகைப் பொருள்கள் காரணமாக இருக்கலாம் என்றே சமீபத்திய சோதனைகள் காட்டுகின்றன. எண்டார்ஃபின் வேலை செய்யும் வாசலை மருந்து கொடுத்து அடைத்துவிட்டு ஓடச் சொன்னபோதும் அந்த உணர்வு வரத்தான் செய்தது. எப்படியானாலும் அது சில மணி நேரச் சமாசாரம். மாதக்கணக்கில் நிற்கும் மாற்றத்துக்கு அந்த ஒரு மணி நேர மிதப்பை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

நிற்கும் மாற்றம் என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒன்றுக்கு வாரம் மூன்று நாள் நடை அல்லது மெது ஓட்டம், மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆரம்பத்தில் சீக்கிரமாகத் தேறினார்கள். மற்றவர்கள் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார்கள். தேறியவர்களை அதன் பிறகும் சில மாதம் பின்தொடர்ந்தபோது, பயிற்சி மட்டும் செய்த பிரிவில் நோய் திரும்பி வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள்.

2024-இல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் 218 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. நடை, மெது ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன என்பது அதன் முடிவு. இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மாத்திரைச் சோதனையில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். ஓடுகிறவருக்குத் தான் ஓடுவது தெரியாமல் செய்ய முடியுமா? அதனால் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு, குழுவாகச் சேர்ந்து செய்ததன் பங்கு எவ்வளவு, தசையின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வுகளில் முழுசாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. மனச்சோர்வு முற்றி, படுக்கையை விட்டு எழவே முடியாத நிலையில் இருப்பவரிடம் 'போய் நாலு ரவுண்டு ஓடிட்டு வா, சரியாயிடும்' என்று சொல்வது வைத்தியமும் ஆகாது, ஆறுதலும் ஆகாது. எழுந்திருக்கும் திறனைத்தான் அந்த நோய் முதலில் பறிக்கிறது. மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிட்டு ஷூ மாட்டிக்கொள்வதும் ஆபத்து.

மூளையிலேயே மாற்றம் தெரிகிறது என்பதற்கும் சான்று உண்டு. நினைவாற்றலுக்கும் மன அழுத்தத்தைச் சமாளிப்பதற்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வயதாக ஆகச் சுருங்கும். 2011-இல் வெளியான ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியை ஓராண்டு வேக நடை நடக்கவைத்தார்கள். மறுபாதிக்கு உடம்பை நீட்டி வளைக்கும் ஸ்ட்ரெச்சிங் மட்டும். நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. மற்றவர்களுக்கு வழக்கம்போலச் சுருங்கியது. அதே நேரத்தில் பதற்ற நோய் உள்ளவர்களுக்கு வேறொரு வழியிலும் பலன் கிடைக்கிறது. நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு, வியர்வை என்றாலே 'ஏதோ ஆகப்போகிறது' என்று அவர்கள் பயந்துபோவார்கள். ஓடும்போதும் அதேதான் நடக்கிறது, ஆனால் விபரீதமாக எதுவும் ஆவதில்லை. பல முறை இப்படி நடந்தபின் படபடப்புக்கும் ஆபத்துக்கும் இடையில் மனம் போட்டிருந்த முடிச்சு தளர்கிறது.

சரி, நல்லது என்றால் கூடக் கூட இன்னும் நல்லதா? விளையாட்டு வீரர்களின் பயிற்சி முறையைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர்கள்தான் இந்த எல்லையைத் தினமும் உரசிப் பார்க்கிறவர்கள்.

பயிற்சியின் அடிப்படை விதி பலருக்கும் தலைகீழாகவே புரிந்திருக்கிறது. எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை; அந்த நேரத்தில் அது களைத்து, நுண்ணிய அளவில் சேதப்படுகிறது. ஓடி முடித்த அந்த நிமிடத்தில் ஒருவர் ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட பலவீனமானவர். அடுத்த ஓரிரு நாளில், தூக்கத்திலும் சாப்பாட்டிலும், உடம்பு பழுது பார்த்து முன்னைவிட ஒரு பிடி கூடுதலாகக் கட்டி வைக்கிறது. தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, நுண் ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது. பழுது முடிவதற்குள் அடுத்த அடி விழுந்தால் கட்டுமானம் நடக்காது, சேதம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். கடன் வாங்கிச் செலவு செய்வதுபோலத்தான்: தவணை கட்டுகிறவரை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

1954 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஓட்ட வீரர் ரோஜர் பானிஸ்டருக்கு நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் அப்போது மருத்துவ மாணவர். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடுவது இலக்கு. அவருடைய பயிற்சி இப்படி: 440 கஜம், அதாவது பந்தயப் பாதையில் ஒரு சுற்று, வேகமாக ஓட வேண்டும், 2 நிமிடம் இடைவெளி, மறுபடி ஓட வேண்டும், மொத்தம் பத்து முறை. குளிர்காலம் முழுக்க உழைத்து, ஒரு சுற்றின் சராசரி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 61 விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன செய்தும் இறங்கவில்லை. வெறுத்துப்போய் நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்கு மலை ஏறப் போய்விட்டார். சில நாள் ஓட்டமே கிடையாது. திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி வந்தது. மே 6-ஆம் தேதிப் பந்தயத்துக்கு முன்பும் ஐந்து நாள் ஓய்வெடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானத்தில் அன்று அவர் எடுத்த நேரம் 3 நிமிடம் 59.4 விநாடி. கூடுதல் திறமை அந்தச் சில நாளில் முளைத்ததல்ல. ஏற்கெனவே உள்ளே இருந்தது, களைப்பு அதை மூடி வைத்திருந்தது.

நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை வேறு பக்கத்திலிருந்து கண்டுபிடித்தார். ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், முறையான விளையாட்டு அறிவியல் படிப்பு எதுவும் இல்லை. பல ஆண்டுகள் தன் உடம்பையே சோதனைக்கூடமாக வைத்துப் பார்த்து ஒரு முறைக்கு வந்தார்: வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஆனால் மூச்சு திணறாத வேகத்தில். கடும் வேகப் பயிற்சி எல்லாம் கடைசிச் சில வாரங்களில் மட்டும். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் மலைப்பாதையில் 22 மைல் ஓடவைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1960 ரோம் ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே நாளில், சிறிது நேரத்திலேயே, லிடியார்டின் இன்னொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார்.

பின்னாளில் நார்வேயில் பணியாற்றும் ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் பனிச்சறுக்கு, படகு, சைக்கிள், ஓட்டம் என்று பல துறைகளின் உச்ச வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை அலசினார். கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒரே விகிதம் தென்பட்டது: பத்தில் எட்டுப் பயிற்சிகள் எளிதானவை, மீதி மிகக் கடுமையானவை. புதிதாக ஓடத் தொடங்குபவர் செய்வது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். தினமும் நடுத்தரக் கடுமையில், கொஞ்சம் மூச்சிரைக்க, கைக்கடிகாரத்தில் நேற்றைய நேரத்தை முறியடிக்கப் பார்த்தபடி ஓடுவார். எளிதான நாளுக்கு அது அதிகம், கடினமான நாளுக்கு அது போதாது. மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே வலி, ஐந்தாவது வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில்.

எளிது என்றால் எவ்வளவு எளிது என்று கேட்டால், கருவி எதுவும் தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் முழுசாக வந்தால் எளிய வேகம். நாலு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்க நிறுத்தினால் நடுத்தரம். 'ம்' மட்டும்தான் வருகிறது என்றால் கடுமை. தனியாக ஓடுபவர் மனதுக்குள் பேசாமல் வாய்விட்டே பேசிப் பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம். முதல் சில வாரங்களில் இந்த வேகம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கும். பின்னால் வருபவர் எல்லோரும் தாண்டிப் போவார்கள். அப்போது வேகம் கூட்டாமல் இருப்பதற்குத்தான் கட்டுப்பாடு வேண்டும். பாய்ந்து ஓட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லையைத் தாண்டினால் முதலில் எது காட்டிக்கொடுக்கும்? இதயத் துடிப்பு, ரத்தப் பரிசோதனை, ஹார்மோன் அளவு என்று பல வழிகளில் தேடியிருக்கிறார்கள். இன்றுவரை நம்பிக்கையான ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மார்கன் என்ற உளவியலாளர் எளிதான ஒன்றைச் செய்தார். சுமார் பத்து ஆண்டுகள், 400 நீச்சல் வீரர்களிடம், பருவம் முழுக்க அவ்வப்போது ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். பதற்றமாக, சோர்வாக, எரிச்சலாக, உற்சாகமாக என்று 65 சொற்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று குறிக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் நல்ல வீரர்களின் வரைபடம் பனிப்பாறை வடிவில் இருந்தது: உற்சாகம் மட்டும் சராசரிக் கோட்டுக்கு மேலே, சோர்வும் கோபமும் குழப்பமும் கீழே. நீந்தும் தூரத்தைக் கூட்டக் கூட, அந்த அளவுக்கு ஏற்றபடி, படம் மெல்லக் கவிழ்ந்தது. போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் டேப்பர் காலம் வந்ததும் மறுபடி நிமிர்ந்தது. 1987-இல் வெளியான இந்த முடிவுகளை நான் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே வைப்பேன். பயிற்சிச் சுமையை அளக்க மனநிலையே மீட்டராக இருக்கிறது என்று அது காட்டிவிட்டது.

குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்காதவர்களில் சிலர் அதிகப்பயிற்சி நோய்க்குறி என்ற நிலைக்குப் போகிறார்கள். வாரக்கணக்கில் ஓய்வெடுத்தும் வேகம் திரும்பாது, தூக்கம் கெடும், எதிலும் ஆர்வம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் மனச்சோர்வுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். தேற மாதங்கள் ஆகலாம். இதோடு சாப்பாட்டையும் குறைத்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத வீரர்களுக்கு என்ன ஆகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது, ஆண் பெண் இருபாலருக்கும் எலும்பில் விரிசல், அடிக்கடி காய்ச்சல் சளி, மனநிலை சரிவது என்று பட்டியல் நீள்கிறது. 'மாதவிடாய் நின்றால் நன்றாகப் பயிற்சி எடுக்கிறாய் என்று அர்த்தம்' என்று சொல்லும் கோச்சுகள் இருந்தார்கள். அது எச்சரிக்கை மணி. பாராட்டாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

உடம்பு உச்சத்தில் இருந்தால் மனமும் உச்சத்தில் இருக்கும் என்ற எண்ணத்தையும் இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். 28 ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தனக்கிருந்த மனச்சோர்வைப் பற்றிப் பல முறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2008 பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பின் வந்த வெறுமைதான் தன் பெரிய நெருக்கடி என்று சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகளாக எழுவதும் தூங்குவதும் ஒரே ஒரு நாளுக்காக என்று இருந்துவிட்டு, அந்த நாள் முடிந்த மறுநாள் என்ன செய்வது?

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விஷயம் இன்னும் நேரடியானது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் குழு இறுதிப்போட்டி. வால்ட் என்ற மேடையில் கை ஊன்றிப் பாய்ந்து காற்றில் இரண்டரை முறுக்கு சுற்ற வேண்டியவர் ஒன்றரையோடு தரையிறங்கினார். காற்றில் இருக்கும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும் நிலை அது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் அதை 'ட்விஸ்டீஸ்' என்பார்கள். அந்த உயரத்தில், அந்த வேகத்தில், கழுத்து முறியலாம். அவர் விலகிக்கொண்டார். 'மனத்திடம் இல்லை' என்று திட்டியவர்கள் நிறையப் பேர். 2024 பாரிஸில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். என் பார்வையில் அன்று நிறுத்தியதும் அவருடைய பயிற்சியின் ஒரு பகுதிதான்.

வீரர்கள் கிடக்கட்டும், சாதாரணமாக ஆரோக்கியத்துக்காகச் செய்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து பார்க்கலாம். 1966-இல் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு கால்வாசிக்கும் மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை அழைத்துச் சோதித்தபோது, 30 ஆண்டு வயதானதால் ஏற்பட்ட சரிவைவிட அந்த மூன்று வாரப் படுக்கையால் ஏற்பட்ட சரிவே அதிகம் என்று தெரிந்தது. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அப்புறம் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தொட்டிருந்த அவர்கள் ஆறு மாதம் நடை, மெது ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகச் செய்தார்கள். வயதால் இழந்த அந்தத் திறன் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற நடுமதிப்பாக 66 நாள் ஆனது; அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவே ஒரு நாள் விட்டவர்களுக்கு அதனால் குறிப்பிடும்படி பின்னடைவு வரவில்லை. '21 நாளில் பழக்கம்' என்று சுற்றும் கணக்கை நம்பி 22-ஆவது நாள் சலித்துப்போனவர்கள் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது பல அணிகளில் காலையில் பயிற்சி தொடங்கும் முன் வீரர்கள் செல்பேசியில் ஒரு சின்னப் படிவத்தை நிரப்புகிறார்கள். தூக்கம் எப்படி, தசை வலி எவ்வளவு, களைப்பு எவ்வளவு, மனசு எப்படி இருக்கிறது என்று நாலைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண். மார்கனின் 65 சொல்லின் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் எண் சரிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. தூக்கம் கெட்டிருக்கும், வீட்டில் ஏதாவது சண்டை இருக்கும். தொடர்ந்து சரிந்தால் கோச் கூப்பிட்டுப் பேசுவார், அன்றைய வேகப் பயிற்சியை எடுத்துவிட்டு மெது ஓட்டம் போடுவார், அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. நாட்குறிப்பின் ஓரத்தில் காலையில் நாலு எண் எழுதி வைத்தால் போதும். அடுத்தடுத்துச் சில நாள் எண்கள் கீழே இருந்தால் அன்று ஓட்டத்துக்குப் பதில் நடை. பயிற்சியையும் குறைத்து, நன்றாகத் தூங்கியும், இரண்டு வாரமாக மனசுக்கான எண் மட்டும் ஏறவே இல்லை என்றால் அது பயிற்சிக் களைப்பாக இல்லாமல் இருக்கலாம். அப்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதே சரி.